குனிமாருவின் நாக்கு

"நண்பரே, இல்லம் நோக்கிச் செல்லும் என்னைத் தாங்கள் இடைமறிப்பது முறையன்று. விரைந்து வழிவிடுங்கள்."

டிவியில் இந்த வசனத்தைக் கேட்டதும் இன்னாசிராஜ் கையிலிருந்த டீயை மடியில் கவிழ்த்துக்கொண்டார். சுட்டதுகூடத் தெரியவில்லை.

"இன்னாங்க, நியூசா ஓடுது?" என்று உள்ளிருந்து கேட்டாள் மனைவி அமலோற்பவமேரி.

"நியூஸ் இல்ல மேரி. குனிமாரு பேசறான்."

"குனிமாருவா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா அவனுக்கு?"

குனிமாரு ஜப்பான் கார்ட்டூனில் வரும் வாள்வீரன். அவனைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் திண்டிவனத்தில் வீடியோ கடை வைத்திருந்த ராயப்பன். மும்பையில் ஒரு ஜப்பான்காரரிடம் தமிழ் உரிமையை வாங்கி, பழைய நெல் குடோனில் சுவரெல்லாம் பஞ்சு மெத்தையை அடித்து, உள்ளூர் ஆட்களைப் பேசவைத்து, மாவட்டக் கேபிளில் ஞாயிறுதோறும் ஓட்டினார். குனிமாருவுக்குக் குரல் கொடுத்தவர், பஸ் நிலையத்தில் மைக் பிடிக்கும் பச்சைமுத்து. அவர் செஞ்சி வண்டியைக் கூப்பிட்டால் வண்டி தானே கிளம்பிவிடும். டிரைவர் பின்னால் ஓடிப்போய் ஏறிக்கொள்வார்.

அந்தப் பச்சைமுத்துவின் வாயில் அதே வசனம் இப்படி இருந்தது:

"இன்னாபா, ஊட்டுக்குப் போய்க்கினு இருக்கறவன வம்புக்கு இழுக்கற? ஜல்தியா வழிய வுடு!"

இதைக் கேட்டுத்தான் விழுப்புரம் இரண்டு வருஷமாக நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. பக்கத்துக் காணை கிராமத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள் குனிமாரு வசனம் சொல்லாமல் கத்தியை எடுப்பதில்லை. பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அரைமணி முன்னதாகவே வைத்தார். காரணம் வெயில் என்றார். அது மார்கழி மாதம்.

இன்னாசிராஜ் விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைக்கு ஏலம் கூறுகிறவர். ஒருமுறை பயிற்சிக்காகச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே எழுந்து நின்று, "எழுதிக்கினுதான் இருக்கறேன் சார்" என்றார். வகுப்பே சிரித்தது. அன்றுமுதல் சென்னைக்குப் போனால் வெறும் தலையாட்டல்தான்.

"சினிமாவுல நம்ம பேச்ச பேசறவன் யாரு? திருடன், குடிகாரன், அடி வாங்கறவன்" என்பார். "மொத மொதல்ல நம்ம பேச்ச பேசறவன் கையில ஒரு வாளைக் குடுத்தது ராயப்பன் அண்ணன்தான்."

அந்த நன்றியில் ஆரம்பித்ததுதான் 'அகில விழுப்புரம் மாவட்ட வாள்வீரன் குனிமாரு ரசிகர் மன்றம்'. தலைவர் இன்னாசிராஜ், பொருளாளர் சுப்பராயலு. கொடி உண்டு. திண்டிவனம் பக்கத்துப் பிரம்மதேசத்தில் கிளை உண்டு. குனிமாரு பேசுவது திண்டிவனத்துப் பேச்சு, விழுப்புரத்துக்காரர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று அந்தக் கிளை தனியாக ஒரு தீர்மானமும் போட்டிருந்தது.

டீக்கறை வேட்டியோடு இன்னாசிராஜ் அன்றே திண்டிவனத்துக்கு பஸ் ஏறினார். குடோன் வாசலில் புதுப் பலகை, முழுக்க இங்கிலீஷ். ராயப்பன் புதுச் சட்டையில் நின்றிருந்தார்.

"வித்துட்டேன் இன்னாசி. பெரிய கம்பெனி. சின்ன கம்பெனியெல்லாம் தேடித்தேடி வாங்கறாங்க."

"யாரக் கேட்டு வித்தீங்கண்ணே?"

"எம் பொண்டாட்டியக் கேட்டு."

"குனிமாரு வாத்தியாரு மாதிரி பேசறாண்ணே! நீங்க ஒரு வார்த்த எடுத்துச் சொல்லக் கூடாதா?"

ராயப்பன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தார். "படத்தப் பத்தி வாயத் தொறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக்கினாங்க. நீயும் கேக்காத. நான் வேளாங்கண்ணிக்குப் போறேன்."

மறுநாள் பொழுது விடிந்தபோது விழுப்புரம் சுவரெங்கும் போஸ்டர்: 'கார்ப்பரேட் கம்பெனியே! குனிமாரு நாக்கில் கை வைக்காதே!'

கூடவே மன்றத்தார் சாக்கு நிறைய அஞ்சலட்டை அனுப்பினார்கள். 'எழுத்துத் தமிழ் வேண்டாம், மாவட்டத்து மக்கள் பேசுவது வேண்டும்.'

கம்பெனி நல்ல கம்பெனி. ரசிகர் கேட்டால் செய்யும். ராயப்பன் வசனத்தை வரிக்கு வரி மாற்றி அடுத்த ஞாயிறே ஒளிபரப்பியது.

"ஏனுங்க, ஊட்டுக்குப் போறவன எதுக்குங்க வம்பிழுக்கறீங்க? கொஞ்சம் வழிய உடுங்க."

சொல்லிவிட்டு குனிமாரு பத்துப் பேரை வெட்டினான். அத்தனை மரியாதைக்கு, வெட்டுப்பட்டவர்கள் நன்றி சொல்லாததுதான் பாக்கி.

"மாவட்டம்னா எந்த மாவட்டம்னு எழுதலியா தலைவரே?" என்றார் சுப்பராயலு.

"மாவட்டம்னா நம்ம மாவட்டம்தான்யா! வேற எது கீது?"

பழைய பஸ் நிலையத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கம்பெனி கேமராவோடு ஆள் அனுப்பியது. மறுநாள் கேபிளில் விளம்பரம் வந்தது. வாடிய முகத்தோடு இன்னாசிராஜ். கீழே, 'குனிமாரு பார்க்காமல் சோறு இறங்காது!' அதைப் பார்த்து மாவட்டமே அவருக்கு அனுதாபப்பட்டு, கூடுதலாக மூன்று தாலுகா குனிமாரு பார்க்க ஆரம்பித்தது. கோரிக்கையையும் கம்பெனி தள்ளவில்லை. இன்னும் தெற்கே போனது.

"ஏலேய், வீட்டுக்குப் போறவன எதுக்குலே மறிக்க?"

பிரம்மதேசம் கிளை ராஜினாமா செய்தது. இன்னாசிராஜுக்கு ஏலம் கூறக் குரல் எழவில்லை. மல்லாட்டை வியாபாரிகள் சைகையில் விலை பேசினார்கள்.

"நேரா போய் கேட்டுட்டு வாங்களேன்" என்றாள் மேரி.

"மெட்ராசுல நான் வாயத் தொறந்தா சிரிப்பாங்க மேரி."

"குனிமாரு அதுக்கா பயந்தான்?"

அந்த ஒரு சொல் அவரைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

கம்பெனி அலுவலகத்தில் மேலாளர் கோதண்டபாணி காபி கொடுத்தார். இன்னாசிராஜ் தலையாட்டினார். நலமா என்றார். தலையாட்டினார்.

"எழுத்துத் தமிழ் வேண்டாங்கறீங்க. கோயம்புத்தூர் வேண்டாம், திருநெல்வேலி வேண்டாம். அடுத்து மதுரை போடலாம்னு இருக்கோம். இதுவும் வேண்டாம்னா உங்களுக்கு என்னதான் சார் வேணும்?"

மதுரை என்றதும் இன்னாசிராஜ் எழுந்துவிட்டார்.

"ஜப்பான்காரன் இன்னா போட்டுக்கினு இருக்கறானோ அத்த அப்படியே போடு சார்! ராயப்பன் அண்ணன் அப்படித்தான் போட்டாரு. அதனாலதான் அவ்ளோ கெத்தா இருந்துச்சி. மூலத்துல இருக்கறதுக்கு ஒரு வார்த்த கூட்டாத, ஒரு வார்த்த கொறைக்காத!"

அந்த ஏலக்குரலுக்கு மூன்று மாடியும் நிசப்தமாகிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"சரி சார்" என்றார் கோதண்டபாணி மெதுவாக. "வர்ற ஞாயிறு ஜப்பான் படத்தை ஜப்பான் சத்தத்தோட அப்படியே விட்டுடறோம். எங்களுக்கும் டப்பிங் செலவு மிச்சம்."

விழுப்புரத்தில் இறங்கியபோது மாலை போட்டார்கள்.

"ஜப்பான் பாஷ யாருக்குப் புரியும் தலைவரே?" என்றார் சுப்பராயலு.

"குயிலாப்பாளையத்து எலிசாவக் கூப்புடு. பக்கத்துல ஆரோவில்ல, ஜப்பான்காரம்மா பானை செய்யற எடத்துல வேல செய்யுது. அந்தப் பொண்ணு ஜப்பான்ல திட்டுனா ஜப்பான்காரங்களே எழுந்து நிக்கறாங்களாம். மைக்ல அர்த்தம் சொல்லட்டும். ராயப்பன் அண்ணன் போட்ட வசனம் வார்த்த பிசகாம மூலத்துல இருக்கறத ஊரே கேக்கட்டும்!"

ஞாயிற்றுக்கிழமை. மார்க்கெட் கமிட்டி களத்தில் மூட்டை மேல் மூட்டை அடுக்கி, உச்சியில் டிவி. பக்கத்தில் பனைமர உயரத்துக்கு குனிமாரு கட்அவுட். மீசையில்லாத ஆளை வீரன் என்று வரைய மனசு வராமல், ஓவியர் நல்ல மீசையாகவே வைத்திருந்தார். குடம் குடமாகப் பால் ஊற்றினார்கள். ராஜினாமா செய்த பிரம்மதேசம் கிளை தனி வேனில் வந்து இறங்கியது. ராயப்பன் மட்டும் வரவில்லை. இன்னும் வேளாங்கண்ணியில்தான் இருந்தார்.

படம் ஆரம்பித்தது. எலிசா மைக்கைப் பிடித்தாள்.

"இப்ப வில்லன் பேசறான். 'வரி கட்டாம ஒருத்தனும் இந்தத் தெருவத் தாண்ட முடியாது'ன்றான்."

"ஓஓஓ!" என்று களம் ஊளையிட்டது.

குனிமாரு தெருமுனையில் வந்து நின்றான். காற்றில் முடி பறந்தது.

"வருது பாரு!" என்றார் இன்னாசிராஜ். "எலிசா, ஒவ்வொரு வார்த்தயும் சொல்லணும்மா."

குனிமாரு வில்லனைப் பார்த்தான். பேசவில்லை.

"யோசிக்கறான்" என்றார் சுப்பராயலு.

வாளை உருவினான். பத்துப் பேர் விழுந்தார்கள். பேசவில்லை. உறையில் வாளைப் போட்டுவிட்டு, பச்சைமுத்து விசிலடிக்கவைக்கும் அதே இடத்தில், ஒரு வாய்த் தண்ணீர் குடித்தான்.

சுப்பராயலு மூட்டை மேல் ஏறி டிவியின் விலாவில் இரண்டு அறை விட்டார். வில்லனின் அலறல் பலமாகக் கேட்டது.

"மத்தவன் சத்தமெல்லாம் வருது, நம்ம ஆளுது மட்டும் வர்ல!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "கம்பெனிக்காரன் புடுங்கிக்கினான்!"

இன்னாசிராஜ் கோதண்டபாணிக்கு போன் போட்டார். "சார், நாக்கையே அறுத்துட்டீங்களே!"

"சார், ஜப்பான்லேர்ந்து வந்தத அப்படியே விட்டிருக்கோம். சத்தியமா ஒரு வார்த்தையும் குறைக்கல."

"எங்க ஆளு பேசவே இல்லியே!"

அப்போது டிவியில் ஒரு ஜப்பான் கிழவி ஓடிவந்து, குனிமாருவை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, வில்லனிடம் ஏதோ சொல்லி ஓவென்று அழுதாள். அவள் அவனுடைய அம்மா என்பது எல்லாருக்கும் தெரியும். எலிசா மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, கட்அவுட்டையும் கூட்டத்தில் நின்றிருந்த பச்சைமுத்துவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இன்னாம்மா சொல்லுது அந்தக் கெழவி?" என்று பதறினார் இன்னாசிராஜ். "எதுவா இருந்தாலும் மைக்குல சொல்லு. ஊரு கேக்கட்டும்!"

எலிசா மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"'எம் புள்ள பொறவி ஊமை, அவன வுட்டுடு'ன்னு அழுவுதுண்ணே, அவனுக்கு வாய் வந்ததே நம்ம திண்டிவனத்துலதான்!"