வலைப்பூவை அடியிலிருந்து வாசித்தவன்

இந்நிகழ்ச்சியை நானே எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. எங்கள் உறவினரிடையே இதற்கு இப்போது பல பாடங்கள் வழங்குகின்றன. மார்டள்ளியில் இருக்கும் என் தம்பி மகன் முருகேசன் சொல்லும் பாடத்தில் நான் ஒரு கணினியையே எரித்துவிடுகிறேன். பெங்களூர் உறவினர் சொல்லும் பாடத்தில் வீட்டுக்குக் காவலர் வருகிறார்கள். இரண்டும் பிற்கால இடைச்செருகல்கள். கல்வெட்டுகளைப் படியெடுத்துப் பதிப்பிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டு ஓய்வு பெற்றவன் நான். என்னைப் பற்றிய செய்தியே பிழைபட வழங்குவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருத்தல் முறையன்று. உண்மையில் நடந்தது கணினியை எரிப்பதைக் காட்டிலும் இழிவானது. ஆகவே மூலபாடத்தைத் தருகிறேன்.

என் துணைவியார் மறைந்த ஆண்டில், எங்கள் ஒரே மகள் தேன்மொழி பெங்களூரில் பார்த்துவந்த வேலையை விட்டு மைசூருக்கு வந்துவிட்டாள். எனக்குத் துணையாக வந்ததாக அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பெங்களூரின் போக்குவரத்து நெரிசல் தாங்கவில்லை என்றுதான் சொன்னாள். (நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.)

வந்தவள் சும்மா இருக்கவில்லை. நவராத்திரிக் கொலுவில் நடுநாயகமாக அரசன் அரசி இணைப் பொம்மைகளை நிறுத்துவது இவ்வூர் வழக்கம். பட்டத கொம்பெ என்பார்கள். ஆண்டுதோறும் அவற்றுக்குப் புத்தாடை உடுத்த வேண்டும். சாண் உயர அரசிக்குச் சரிகைக் கரையிட்ட பட்டுச் சேலை. அரசனுக்கு அங்கியும் மைசூர்ப் பேட்டா என்னும் தலைப்பாகையும். இவற்றைத் தேன்மொழி வீட்டிலேயே தைத்துத் தனக்கென ஓர் இணையதளம் அமைத்து விற்றாள். அயல்நாடுகளில் வாழ்வோர் ஆடி ஆவணியிலேயே வாங்கிவிடுவர். நவராத்திரி கடந்துவிட்டால் எந்தப் பொம்மையும் புதுச்சேலை கேட்பதில்லை. ஆண்டு முழுமைக்குமான பிழைப்பு அந்த ஒரு பருவத்தில் இருந்தது.

நான் சொல்லவந்த ஆண்டில் அவளுடைய பழைய மேலாளர் தொலைபேசியில் அழைத்து, தீபாவளி வரைக்கும் அவளுக்கு ஓர் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். தேன்மொழி ஊசியில் சரிகை நூலைக் கோத்துக்கொண்டே எனக்குச் செய்தியைச் சொன்னாள்.

"இந்த தசரா நல்லா ஓடிருச்சுன்னா இங்கயே இருந்துடறேன்ப்பா. ஓடலைன்னா போகத்தான் வேணும்."

நான் செய்தித்தாளை மடித்தேன். பிறகு விரித்தேன். பிறகு மறுபடியும் மடித்தேன். அந்த வீட்டில் தனியே அமர்ந்து செய்தித்தாள் மடிக்கும் ஒருவனுடைய உருவம் என் கண்முன் வந்தது. அவனை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆதலால், ஏதேனும் செய்கிறேன் என்று முன்வந்தேன். அவள் சற்று யோசித்துவிட்டு ஒரு பணி கொடுத்தாள். இணைய வணிகம், சந்தைப்படுத்தல் ஆகியவை பற்றி ஆங்கிலத்தில் பலர் வலைப்பூக்கள் எழுதுகிறார்களாம். தினமும் படித்தால்தான் இத்தொழிலில் நிலைக்க முடியுமாம். தைக்கிற கைக்குப் படிக்க நேரமில்லையாம். "நல்ல பிளாகா ஒண்ணு ரெண்டு செலக்ட் பண்ணி, தினமும் படிச்சு, எது உபயோகமோ அதை மட்டும் சொல்லுங்கப்பா" என்றாள். தனக்குத் தெரிந்த சில வலைப்பூக்களின் பெயர்களையும் தந்தாள். பொருள்களின் கீழுள்ள விளக்கங்களில் எழுத்துப்பிழை திருத்துவதற்காக இணையதளத்தின் கடவுச்சொல்லை முன்னமே என்னிடம் கொடுத்திருந்தாள். (அங்கேதான் தவறிவிட்டாள், பாவம்.)

அவள் தந்த வலைப்பூக்களைப் பார்வையிட்டேன். ஒன்றும் தேறவில்லை. அவற்றின் ஆசிரியர்கள் நாள்தோறும் எழுதினார்கள். சென்ற மாதம் சொன்னதை இந்த மாதம் மறுத்தார்கள். நிலையான கொள்கையே இல்லாதவர்களிடம் என் மகளின் எதிர்காலத்தை எப்படி ஒப்படைப்பது? என் துறையில் தொன்மையே முதற்சான்று. எது பழையதோ அது மூலத்துக்கு அருகில் இருப்பது. பிற்காலத்துப் படிகளில்தான் பிழை மலியும். ஆகவே காலத்தால் மூத்த வலைப்பூவைத் தேடினேன். கிடைத்தது. கடல் கடந்த நாட்டினர் ஒருவர் நெடுங்காலம் எழுதிவிட்டு, சில ஆண்டுகளுக்கு முன் எழுதுவதையே நிறுத்திவிட்டார். முற்றுப்பெற்ற நூல்! இனி ஒரு சொல்லும் மாறப்போவதில்லை. தேன்மொழியிடம் நல்லதாக ஒன்றைத் தெரிவு செய்துவிட்டேன் என்றேன். அவள் வாயில் ஊசி இருந்ததால் தலையை மட்டும் அசைத்தாள்.

வலைப்பூக்களில் எனக்கு ஒவ்வாத ஒரு முறைகேடு உண்டு. கடைசியாக எழுதியதை உச்சியில் வைத்து, முதலில் எழுதியதை அடியில் தள்ளிவிடுகிறார்கள். காப்பியத்தை இறுதிக் காண்டத்திலிருந்து தொடங்கும் மடமை அது. நான் அதற்கு உடன்படவில்லை. நாள்தோறும் சிற்றுண்டிக்குப் பின் கணினிமுன் அமர்ந்து, மிகப் பழைய பதிவிலிருந்து ஒழுங்காக மேல்நோக்கி வாசித்துவந்தேன். தளத்தைத் திறந்தவுடன் உச்சியிலிருக்கும் இறுதிப் பதிவு கண்ணில் படுமே, அதற்கு என் செய்வது? நூலின் முடிவை முன்னதாக அறிதல் வாசகனுக்கு அழகன்று. எனவே இடது உள்ளங்கையால் திரையின் மேற்பகுதியை மறைத்துக்கொண்டு, வலக்கையால் சுட்டெலியை உருட்டிக் கீழே போய்விடுவேன்.

இவ்வாறு படித்துவருகையில் ஒரு பதிவு என்னை ஆட்கொண்டது. வெள்ளைப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தால் எழுதிவைத்தால் மனிதர் கண்ணுக்குப் புலப்படாது. தேடுபொறி மட்டும் படித்துக்கொண்டு, தேடி வருவோரையெல்லாம் நம் கடைக்கு அழைத்து வரும் என்றது அப்பதிவு. தேய்ந்த எழுத்துகளைக் கண்ணால் தடவித் தடவிப் படித்தே முதுமை எய்தியவனுக்கு, கண்ணுக்கே தெரியாத கல்வெட்டு ஒன்றை வெட்டும் வாய்ப்பு! அன்று பிற்பகல் அரசர்களின் மெய்க்கீர்த்தி நடையில் அகவலொன்று யாத்தேன். "பட்டத் தரசி இடையணி பட்டும், பார்த்திவன் முடிபுனை பேட்டா வதுவும், எட்டுத் திசைக்கும் இசைந்தினி தளிக்கும்" என்று அது தொடங்கும். பொம்மைக்குரிய பெயர்ச்சொற்கள் அனைத்தையும் அடுக்கினேன். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்த்தேன். ஒவ்வொரு பொருளின் கீழும் வெள்ளை எழுத்தில் பொறித்தேன்.

அத்துடன் நின்றிருக்கலாம். அத்தொழிலிலுள்ள பிறர் பெயர்களையும் மறைவாக எழுதி, அவரைவிட நாம் சிறந்தவர் என்று சேர்க்க வேண்டும் என்றது அடுத்த பதிவு. அக்ரஹாரத்தருகே கொலுப்பொருள் கடை வைத்திருக்கும் கௌரம்மா என்ற அம்மையாரின் பெயர் ஒன்றே எனக்குத் தெரியும். தேன்மொழிக்கு நல்ல சரிகை கிடைக்கும் இடத்தைச் சொன்னவர் அவர். தம்மால் தைத்துத் தர இயலாத வேளையில் வாடிக்கையாளரை எங்களிடம் அனுப்புபவரும் அவரே. முன்னோடிகளின் பெயரைச் சுட்டுவது ஆய்வுலகின் நன்றிக்கடன் என்று எண்ணி, "கௌரம்மா பொம்மையாடையினும் சிறந்த பொம்மையாடை" என மும்மொழியிலும் எழுதினேன். மகளிடம் சொல்லவில்லை. வணிகம் பெருகியபின் சொல்லி வியப்பூட்டலாம் என்பது திட்டம்.

சில நாள்கள் வாங்குவோர் வந்தனர். (மார்பு நிமிர நடந்தேன்.) பிறகு குறைந்தனர். ஆவணி பிறந்ததும் அறவே நின்றனர். தேன்மொழி பணம் செலுத்தும் வழியைச் சோதித்தாள், தூதஞ்சல்காரரிடம் பேசினாள். தைத்த சேலைகளும் பேட்டாக்களும் மேசைமேல் வரிசையாகக் கிடந்தன. கடையின் பெயரை அப்படியே இட்டுத் தேடினாலும் எங்கள் தளம் மட்டும் வரவில்லை. "சும்னே மாயமாப் போயிருச்சுப்பா" என்று, காரணமில்லாமல் என்பதைக் கன்னடத்தில் கலந்து சொன்னவள், அன்று இரவு உணவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் கௌரம்மாவே வந்தார். கையில் அவர் மருமகளின் கைப்பேசி. திரையைக் கறுப்பாக்கி, எழுத்தை வெள்ளையாகப் பார்க்கும் வசதி ஒன்று கைப்பேசிகளில் உண்டாம், நான் அறியேன். என் வலைப்பூ ஆசிரியரும் அறியார், அவர் எழுதிய காலத்தில் அது இல்லை. அந்த மருமகள் கண்வலிக்காகத் திரையைக் கறுப்பாகவே வைத்திருப்பவள். தங்களிடம் வந்த ஒரு வாடிக்கையாளரை எங்களிடம் அனுப்புவதற்காக எங்கள் தளத்தை அவள் திறந்து காட்டியபோது, கறுப்பு வானில் விண்மீன்களைப் போல என் மெய்க்கீர்த்தி முழுவதும் ஒளிர்ந்திருக்கிறது. நடுவே கௌரம்மாவின் பெயர்.

"நன் ஹெசரு யாக்கெ ஸார் இல்லி?" என்றார் அவர். என் பெயர் எதற்கு ஐயா இங்கே என்று பொருள்.

அதனை அடிக்குறிப்பாகக் கொள்ளுமாறு நான் விளக்கினேன். அடிக்குறிப்பில் அவரைவிட நான் சிறந்தவன் என்று யாராவது எழுதுவார்களா என்று அவர் கேட்டார். எழுதுவார்கள், என் துறையில் அதற்காகவே அடிக்குறிப்பு எழுதுவோரை அறிவேன். ஆயினும் அதைச் சொல்லத்தக்க வேளை அதுவன்று.

தையலறையிலிருந்து வந்த தேன்மொழி கைப்பேசியை வாங்கி, அடிவரை படித்தாள். கௌரம்மாவை உட்காரச் சொன்னாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள். பிறகே என் பக்கம் திரும்பினாள்.

"எங்க படிச்சீங்கப்பா இதை?"

அப்போதும் எனக்குப் பெருமிதம் முற்றிலும் போகவில்லை. கணினியைத் திறந்து வலைப்பூவைக் காட்டினேன். பழக்கத்தால் இடக்கை தானே எழுந்து திரையின் மேற்பகுதியை மூடியது. அவள் என் மணிக்கட்டைப் பற்றி மெல்ல விலக்கினாள்.

"மேலயே நில்லுங்க."

உச்சிப் பதிவை வாய்விட்டுப் படித்தாள். இந்த வலைப்பூவின் பழைய பதிவுகளில் நான் சொன்னவற்றைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மறைவெழுத்தை இப்போது தேடுபொறிகள் கண்டுபிடித்துவிடுகின்றன, கண்டுபிடித்தால் உங்கள் தளத்தையே விலக்கிவிடும். என் சொந்தத் தளத்துக்கு நேர்ந்தது அதுதான். நான் இத்தொழிலை விட்டே போகிறேன் என்றது அப்பதிவு. நிறுத்தி நிதானமாக, பெரிய எழுத்தில், எல்லார் கண்ணிலும் முதலில் படும் இடத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார், நல்ல மனிதர். ஒரு பருவம் முழுவதும் நாள் தவறாமல் அதை நான் உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை.

"தினமும் கை வெச்சு மறைச்சீங்களா?"

"முடிவை முதலில் பார்ப்பது முறையன்று, அம்மா."

கௌரம்மா என்னவென்று கேட்க, தேன்மொழி கன்னடத்தில் தாழ்ந்த குரலில் எடுத்துச் சொன்னாள். அந்த அம்மையார் சினத்தோடு வந்தவர். சிரிக்கக் கூடாதென்று காப்பிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். கோப்பை குலுங்கியது. இக்கதையை முதன்முதலாகக் கேட்டுச் சிரித்தவர் அவரே என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அதற்கு முந்தைய சான்று எதுவும் இல்லை.

வெள்ளை எழுத்துகளை அழித்தோம். தேடுபொறிக்கு மன்னிப்பு விண்ணப்பம் எழுதினோம். (பணிவான நடையில் நான் எழுதியதைத் தேன்மொழி பார்க்காமலே நீக்கிவிட்டு, வேறு எழுதினாள்.) தளம் மீண்டு வந்தபோது ஊரெங்கும் கொலுப்படிகளைக் கலைத்துப் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். மேசைமேல் கிடந்த சேலைகளையும் பேட்டாக்களையும் கௌரம்மா நவராத்திரிக்கு முன்பே தம் கடைக்கு எடுத்துச் சென்று, முடிந்த அளவு விற்றுக்கொடுத்தார். ஒரு நிபந்தனை: ஒவ்வோர் உறையின்மேலும் 'கௌரம்மா' என்று இருக்க வேண்டும், வெள்ளையில் அல்ல, சிவப்பில். அவ்வுறைகளில் பெயரெழுதும் பணி எனக்குக் கிடைத்தது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை என்று பாராட்டினார்.

தீபாவளிக்கு மறுவாரம் தேன்மொழி பெங்களூர் புறப்பட்டாள். தையல் இயந்திரத்தின்மேல் உறையைப் போட்டு, பால்காரருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி, என் மாத்திரைகளை மேசையில் அடுக்கிவிட்டு, போக்குவரத்து நெரிசல் இப்போது குறைந்திருக்கிறதாம் என்றாள். நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

அதன்பின் நான் திருந்திவிட்டேன். புதியது உச்சியில் இருக்கும், உச்சியைப் படித்தாற்போதும் என்ற விதியைச் சிக்கெனப் பற்றிக்கொண்டேன். அடுத்த நவராத்திரிக்கு முன் கைப்பேசியில் தேன்மொழியின் செய்திகள் சில வந்து கிடந்தன. உச்சியிலிருந்ததைப் படித்தேன். விடுமுறை கிடைக்கவில்லை, இந்த ஆண்டு வர முடியாது என்றிருந்தது. மூடி வைத்துவிட்டேன். அரசனையும் அரசியையும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. ஒற்றை மனிதன் வீட்டில் யாருக்குக் கொலு?

நவராத்திரியின் முதல் நாள் காலையில் வாயிலில் தானி வந்து நின்றது. தேன்மொழி பையோடு உள்ளே வந்து, கூடத்தின் வெற்று மூலையைப் பார்த்தாள்.

"கொலுப்படி கட்டி வெக்கச் சொன்னேனேப்பா. லீவு கிடைச்சிருச்சுன்னு போட்டேன். கீழ பாக்கலையா?"

"புதியது மேலேதான் இருக்கும் என்று நீதானே அம்மா காட்டினாய்?"

செய்திகளில் புதியது கீழே வருமாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் பையின்மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். நெடுநேரம் சிரித்து, கண்களைத் துடைத்துக்கொண்டாள். அது முழுவதும் சிரிப்புத்தானா என்று என்னால் அறுதியிட்டுக் கூற இயலாது. அவ்வரி எனக்குச் சிதைந்தே கிடைத்தது. பிறகு இருவரும் பரணிலிருந்து பலகைகளை இறக்கினோம். மாலையில் கௌரம்மா ஒரு சேலையும் பேட்டாவும் கொண்டுவந்து தந்தார். உறைமேல் சிவப்பில் அவர் பெயர். விசயதசமிக்கு மறுநாள் மகள் திரும்பிப் போனாள்.

இப்போது எங்கள் உறவில் யார் வீட்டு விழாவுக்கேனும் நான் காலந்தாழ்ந்து சென்றால், அல்லது ஒரு செய்தி எல்லாருக்கும் தெரிந்தபின் எனக்குத் தெரிந்தால், முருகேசன் கூட்டத்தின் நடுவே பணிவோடு எழுந்து, "பெரீப்பா இன்னும் அந்தப் பதிவுக்கு வந்து சேரலைங்க, கீழேருந்து வந்துட்டிருக்காருங்க" என்பான். பந்தியில் பரிமாறுபவர்கூடச் சிரிப்பார். உறவில் யாருக்கேனும் பெண் பார்க்கப் போனால், பெண் வீட்டாருக்கு என்னை அறிமுகப்படுத்துவதும் இவ்வாறே.

இவ்வரலாற்றில் நாள், பெயர், நிகழ்ச்சி ஆகியவற்றில் பிழை காண்போர் அன்புகூர்ந்து எழுதி அறிவிக்க வேண்டும். ஒரு வேண்டுகோள்: திருத்தத்தை மடலின் உச்சியில் ஒருமுறையும் அடியில் ஒருமுறையும் எழுதுங்கள். நான் எந்த முனையிலிருந்து தொடங்குவேன் என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை.