புக்கிங் இல்லாத சவாரி

படார் என்று பின்கதவு சாத்தப்பட்டது. சீட்டைச் சாய்த்துக் கண்ணயர்ந்திருந்த டிரைவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். பின்சீட்டில் ஓர் அம்மாள். மடியில் பை, பக்கத்தில் பெட்டி, முகத்தில் அவசரம்.

"ஸ்டேஷனுக்கு விடுப்பா. ரயிலுக்கு அரைமணிதான் இருக்கு."

"இறங்குங்கம்மா. இது டாக்சி இல்ல."

அந்த அம்மாள் காரை மேலும் கீழும் பார்த்தார். "நாலு சக்கரம் இருக்கு. நீ முன்னாடி இருக்க, நான் பின்னாடி இருக்கேன். வேற என்ன வேணும்?"

டிரைவர் இருபது வருஷம் டாக்சி ஓட்டியவர். ரோட்டோரம் யாராவது சோம்பல் முறித்தால்கூட அவர் கால் தானாக பிரேக்கை மிதிக்கும். மின்சாரக் கார் கம்பெனியில் சேர்ந்து இன்று நான்காவது நாள். இரண்டாம் நாளே பழக்க தோஷத்தில், கை காட்டிய ஒருவரை ஏற்றிவிட்டார். மாறுவேஷத்தில் வந்த லைசென்ஸ் பரிசோதகர் அவர். இன்னொரு முறை தெருவில் ஆள் ஏற்றினால் லைசென்ஸ் காலி என்று எச்சரித்தார். அதையும் வீட்டு வாசல்வரை சொகுசாக வந்து இறங்கிய பிறகுதான் சொன்னார்.

இந்த அம்மாளும் அந்தக் கூட்டம்தான் என்று டிரைவருக்குப் பட்டது. நிஜமாக ஊருக்குப் போகிறவர் பெட்டி இவ்வளவு பளபளப்பாகவா இருக்கும்?

"டாக்சின்னா கை காட்டினா நிக்கும். இது வாடகைக் கார்மா. முன்கூட்டியே புக் பண்ணினவங்களை மட்டும்தான் ஏத்தணும். என் கூடப்பிறந்த தம்பி மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னாலும் டாட்டா காட்டிட்டுப் போயிடணும்."

"பாவம் உன் தம்பி. ஆனா நான் புக் பண்ணியிருக்கேனே. வீட்லேருந்து என் பொண்ணு போட்டா. வண்டி நம்பர் அனுப்பியிருக்கா, பாரு."

டிரைவர் இறங்கிப் போய் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். நான்கு நாளில் அவருக்கு வண்டி நம்பர் மனப்பாடம் ஆகவில்லை. நம்பர் அச்சாகப் பொருந்தியது. ஆனால் அவர் போனில் புக்கிங் எதுவும் வரவில்லை. ஆபீசுக்குப் போன் போட்டார்.

"உங்களுக்கு எந்த சவாரியும் விடலையேண்ணே," என்றாள் ஆபீஸ் பெண்.

சந்தேகம் உறுதியானது. "நம்பரை வெளியில பார்த்து எழுதிக்கிட்டு வந்து ஏறியிருக்கீங்க. எங்கிட்டயேவா?"

"எனக்கு வேற பொழப்பு இல்லையா? அக்கா வீட்ல இன்னைக்கு சொத்து பிரிக்கிறாங்க. நான் போய்ச் சேரலேன்னா ஒரு நாற்காலிகூட மிச்சம் வைக்க மாட்டாங்க."

இது சரிப்படாது என்று பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார்.

"பெட்டியைப் பிடுங்கறான், பாருங்க," என்று அந்த அம்மாள் குரல் கொடுத்தார். அது கார்களுக்குச் சார்ஜ் போடும் இடம். ஒரே கம்பெனியின் வெள்ளைக் கார்கள் பன்னிரண்டு வரிசையாக நின்றன. ஏழெட்டுத் தலைகள் திரும்பின. டிரைவர் பெட்டியை மரியாதையாகத் திரும்ப உள்ளே வைத்தார்.

அப்போதுதான் அவருக்கு மூளை வேலை செய்தது. "அம்மா, பொண்ணுகிட்ட சொல்லி அந்த புக்கிங்கை ரத்து பண்ணிட்டுப் புதுசா ஒண்ணு போடச் சொல்லுங்க. பக்கத்துல இருக்கற வண்டிக்குத்தான் விழும். என்னைவிடப் பக்கத்துல யாரு இருக்கா?"

அந்த அம்மாள் மகளுக்குப் போன் செய்தார். "ஆமாடி, உள்ளதான் உக்காந்திருக்கேன். ஏத்த மாட்டேங்கறான். எனக்கு மட்டும் புரியுதா? சொன்னதைச் செய்."

இரண்டு நிமிடத்தில் டிரைவரின் போன் சிணுங்கியது. புக்கிங். லைசென்ஸ் பிழைத்தது. 'பயணி ஐந்து மீட்டர் தொலைவில்' என்று காட்டியது போன்.

"முதுகுக்குப் பின்னால இருக்கறவங்களை ஐந்து மீட்டர்ங்குது. இதை நம்பித்தான் கம்பெனி நடத்தறாங்க."

சார்ஜ் வயரைப் பிடுங்கிப்போட்டு உட்கார்ந்தார். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. டீ குடித்துவிட்டு வந்து ஏறியபோதே சீட் முன்னால் தள்ளித்தான் கிடந்தது. மின்சார வண்டியில் எல்லாம் தானாக நடக்கும் என்று அதையும் நம்பியிருந்தார். பொத்தானை அழுத்தினார்.

"கிளம்பிட்டியா?"

"தெரியலம்மா. இதுல சத்தமே வராது. என் பழைய டாக்சின்னா தெருவே எழுந்து உக்காரும்." இன்னொரு முறை அழுத்தினார். "அந்தக் கம்பம் பின்னால போகுதா, பாருங்க."

"அங்கேயேதான் நிக்குது."

"அப்ப நாமளும் நிக்கறோம்."

ஆறாவது முறை அழுத்தும்போது கண்ணாடியை யாரோ தட்டினார்கள். அதே கம்பெனிச் சட்டையில் இன்னொரு டிரைவர். கழிவறையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், கை ஈரம்கூடக் காயவில்லை. கதவைத் திறந்து, நிதானமாகச் சொன்னார்:

"அண்ணே, இறங்கிப் பக்கத்து வண்டிக்குப் போங்க; இது என்னோட வண்டி, இப்ப ரத்தான சவாரியும் என்னோடதுதான்."