பறக்கும் படை பறக்காத கதை

"வெளியீட்டன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள ஐந்நூறு புக்கும் போகணும். இல்லன்னா உன் பறக்கும் படையையே கலைக்கச் சொல்லிட்டாங்க லா," என்றார் இலாகா அதிகாரி லோகேஸ்வரன்.

'பறக்கும் படை' திவாகரன் ஆறு வருடமாக வரையும் சித்திரக்கதை. அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஐந்து மாவீரர்கள்! பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தான். புத்தகத்தை அச்சடித்த இலாகாதான் இதழுக்கு இதழ் கையை ஒடித்தது.

முதல் இதழில் வீரர்கள் பறந்தார்கள்.

"லைசென்ஸ் இல்லாம எப்படிப் பறக்கலாம்?"

வேனில் ஏற்றினான்.

அடுத்த இதழில் முகமூடி போட்டார்கள்.

"அரசாங்க ஊழியர் மூஞ்ச மறைக்கலாமா?"

கழற்றினான். முகம் தெரிந்துபோனதால் வில்லன் வீடு தேடி வந்தான். அவனை அடிக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள், மூன்று நகல்களுடன். அதோடு வாசகர்களும் போய்விட்டார்கள்.

கடைசி முயற்சியாக, படை சிலாங்கூர் மாநிலம் முழுக்கக் கிளைகள் திறப்பதாக வரைந்து 'பறக்கும் படை பரவுகிறது' என்று தலைப்பு வைத்தான்.

"வேன்ல போறவங்களுக்கு 'பறக்கும்' எதுக்கு?" என்று லோகேஸ்வரன் அந்த வார்த்தையையும் அடித்துவிட்டார்.

வெளியீட்டு நாளன்று புக்கிட் ரோத்தான் மண்டபத்தில் கல்யாணம். வேறு இடம் கிடைக்காமல் கிளினிக் வாசலில் மேசை போட்டார்கள். பத்தரை வரை ஒரு ஈ காக்காகூட வரவில்லை. திவாகரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒலிபெருக்கியைப் பிடுங்கினான்.

"படை பரவுது! சுங்கை பெசார்ல ஆரம்பிச்சு பத்தாங் காலி வரைக்கும் வந்திருச்சு! முழு விவரமும் இந்தப் புத்தகத்துல இருக்கு, ஃப்ரீ!"

கிளினிக்கில் எண் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே எழுந்து வந்தார்கள். சாலையில் போன மோட்டார் சைக்கிள்கள் நின்றன. லோரியை ஓரங்கட்டிவிட்டு ஒருவர் ஓடிவந்தார்.

"எனக்கு நாலு குடுங்க! வீட்டுல எல்லாருக்கும் வேணும்!"

"தள்ளாதீங்க லா! வரிசையில வாங்க!"

திவாகரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆறு வருடத்தில் அவன் புத்தகத்துக்கு யாரும் வரிசையில் நின்றதில்லை, இன்று அடித்துக்கொள்கிறார்கள்! பதினொன்றே முக்காலுக்கு மேசை காலி.

லோகேஸ்வரன் அவனைக் கட்டிக்கொண்டார்.

"ஜெயிச்சிட்டோம் தம்பி! இன்னும் ரெண்டாயிரம் அடிக்கச் சொல்லிட்டேன்!"

திவாகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது ஓர் அம்மாள் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டியபடி அவனிடம் வந்தார். முழங்கையைப் பரபரவென்று சொறிந்துகொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"படமெல்லாம் அழகா இருக்கு தம்பி. படைக்குப் பூசுற மருந்து எந்தப் பக்கத்துல போட்டிருக்கீங்க?"