மூலையில் கொஞ்சம் ஓதம்

கேரவனை விற்றே தீருவது என்று ட்ரெவர் சபதம் எடுத்தபோது அவருடைய வலது கையில் அதன் கழிவறையிலிருந்து கழற்றிய கழிவுப் பெட்டி இருந்தது. இடது கை மூக்கைப் பிடித்திருந்தது. இந்த நிலையில் ஒரு மனிதர் எடுக்கும் சபதத்தைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது.

பெட்டியைக் கூட அவர் மன்னித்துவிடுவார். கொட்டப் போகிற வழியைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. ஹெஸ்லப் அம்மாள் வாடகைக்கு விடும் கடலோர வயலில், விடுமுறைக்குக் காரில் கட்டி இழுத்து வந்த கேரவன் வீடுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு கேரவனுக்கு முன்னாலும் ஒரு மடக்கு நாற்காலி, நாற்காலியில் ஒரு மனிதர், மனிதர் கையில் டீ, வாயில் கேள்வி.

"என்ன ட்ரெவர், கொட்டப் போறியா?"

'இல்லப்பா, பெட்டிக்குக் கடல் காட்டப் போறேன்' என்று சொல்ல நாக்கு துடிக்கும். "ஆமாம்ப்பா" என்பார்.

"உன் வண்டி எடை என்ன?"

போன வருஷம் இருந்த அதே எடைதான். இருந்தும் சொல்வார். அவர் எடையைச் சொன்னால் அந்த மனிதரும் தன் வண்டியின் எடையைச் சொல்வார். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்ப்பார்கள். அடுத்த நாற்காலியில் கேரவன் வாசலில் கட்டும் முன்கூடாரத்துக் கம்பிகளைப் பற்றிய பேச்சு காத்திருக்கும்.

பக்கத்துக் கேரவன் பாரி டாட்ஸ் இவர்களில் சேர்த்தியில்லை. பாரி உட்கார்ந்து கேட்கமாட்டார். எழுந்து கூடவே வருவார். பெட்டியைக் கொட்டி, கழுவி, திரும்பிக் கொண்டுவந்து வைக்கும்வரை, காரின் பின்னால் வண்டியைக் கோக்கும் கொக்கிகளின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வருவார்.

இதையெல்லாம் ட்ரெவர் பொறுத்துக்கொண்டிருப்பார், பிளைத் ஊரில் வீட்டுக்குப் பின்னால் அவருடைய லீக்குகள் மட்டும் இல்லாதிருந்தால். வெங்காயத்துக்குத் தூரத்துச் சொந்தமான தண்டு அது. மற்றவர்கள் தோட்டத்தில் விரல் பருமன் வரும். ட்ரெவர் தோட்டத்தில் கெண்டைக்கால் பருமன் வரும். செப்டம்பர் பிறந்ததும் கிளப்பில் லீக் போட்டி. ஒரு தடவையாவது அந்த வெள்ளிக் கோப்பையை வாங்கிவிட வேண்டும் என்பது மனிதருக்கு வாழ்நாள் ஆசை. ஆனால் லீக் சதை போடுகிற ஆகஸ்ட் மாதம் முழுக்க ட்ரெவர் இந்த வயலில்தான் கிடந்தார். அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டு ரான். ரானும் அதே போட்டியில் கலந்துகொள்கிறார்.

"பெண்டாட்டியிடம் நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே" என்று நீங்கள் கேட்கலாம். சொல்லிப் பார்த்தார்.

"மாரீன், வண்டிய வித்துடலாமா?"

"ஓ, வித்துடலாமே."

ட்ரெவருக்குக் காதில் தேன் பாய்ந்தது.

"முதல்ல உன் லீக்கையெல்லாம் பிடுங்கி சூப் வெச்சிடுறேன். அப்புறமா வண்டிய விப்போம்."

பாய்ந்த தேன் அப்படியே உறைந்தது.

ஆகவே 'வித்துடலாம்' என்ற வார்த்தை மாரீன் வாயிலிருந்தே வர வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. கேரவன்காரர்களை நடுங்க வைக்கும் சொல் ஒன்று உண்டு: ஓதம். ஜன்னல் ஓரத்தில் மழை கசிந்து உள்ளே இறங்கும். வெளியே பளபளவென்று இருக்கும் சுவர், உள்ளே டீயில் தோய்த்த பிஸ்கட்டாகிவிடும். ஓதம் ஏறிய வண்டிக்கு முன்னால் ஜனங்கள் ஆஸ்பத்திரியில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள்.

மறுநாள் விடிவதற்கு முன் ட்ரெவர் எழுந்தார். மாரீன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இருட்டில் கைக்குக் கிடைத்த டீப்பாத்திரத்தில் முந்தின நாள் மிச்சம் கொஞ்சம் இருந்தது. அதில் நிறையத் தண்ணீர் கலந்தார். தான் படுக்கிற பக்கத்து ஜன்னலுக்குக் கீழே, மூலையில், நிதானமாக ஊற்றினார். பிறகு குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

முதல் நாள் அவள் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் பாத்திரம் நிறைய ஊற்றினார். அன்று காலை மெத்தையைத் தட்டிப் போடக் குனிந்த மாரீன் அப்படியே நின்றாள். மூலையைத் தொட்டாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். திரும்பி ட்ரெவரைப் பார்த்தாள்.

"ட்ரெவர் கண்ணு, இங்க ஈரமா இருக்கு."

"ஐயையோ!" என்றார் ட்ரெவர். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டார். "ஓதமா இருக்குமோ? அப்படின்னா இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, மாரீன். மனசைத் தேத்திக்க வேண்டியதுதான். இந்த மாதிரி வண்டிய எல்லாரும் என்ன பண்ணுவாங்க?"

இப்போது சொல்வாள் என்று வாயையே பார்த்தார். மாரீன் கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டினாள்.

"பாரீ! பாரீ! கொஞ்சம் வாப்பா!"

பாரி பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்தார். கையில் ஓதம் பார்க்கும் கருவி. அதற்கு இரண்டு ஊசிகள். சுவரில் குத்தினால் ஈரத்துக்குத் தகுந்தபடி கத்தும். பாரி அதை வாங்கிய நாளிலிருந்து ஒரு நல்ல ஓதத்துக்காகக் காத்திருந்தவர்.

"எங்க லீக்?" என்றார் பாரி மூச்சு வாங்க.

"வீட்டுல, தோட்டத்துல" என்றார் ட்ரெவர் பழக்கதோஷத்தில்.

ஊசி இறங்கியது. கருவி வீல் என்று கத்தியது. அந்தச் சத்தம் கேட்டு மொத்த வரிசையும் டீக்கோப்பைகளோடு வந்து சேர்ந்தது. பாரியின் மனைவி பாலின் ஒரு தட்டு நிறைய கேக் கொண்டுவந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி ஒவ்வொருவராக உள்ளே போய் மூலையைத் தொட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். பாரி ஓதம் பற்றி ஓத ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டு வேளைவரை ஓதினார். ஒருவர் மேல்கூரை என்றார். ஒருவர் ஜன்னல் ரப்பர் என்றார். இன்னொருவர், கட்டும்போதே வந்த கோளாறு, பிறவி நோய் என்றார்.

"வித்துடுறதுதான் நல்லதுன்னு தோணுது" என்றார் ட்ரெவர், சோகத்தைக் குரலில் குழைத்து.

"விக்கிறதா!" பாரி அலறினார். "இத அசைக்கவே கூடாதுப்பா! ஓதம் ஏறின வண்டிய ரோட்டுல இழுத்தா மூலைக்கட்டை பெயர்ந்து கையில வந்துடும். காயுற வரைக்கும் இங்கதான் நிக்கணும். நான் தினம் வந்து பாத்துக்கிறேன். கவலையே படாத."

"எவ்வளவு நாள் ஆகும் பாரி?" என்று கேட்டாள் மாரீன்.

"ஓதம் நம்ம பேச்சக் கேக்குமா? காயறப்போதான் காயும்."

"அடக் கடவுளே" என்றாள் மாரீன். சொன்ன விதத்தில் பாலின் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். ட்ரெவருக்கும் அழுகை வந்தது. அவருடைய காரணம் வேறு.

மாலையில் மாரீனிடமிருந்து அடுத்த தீர்ப்பு வந்தது.

"நீ இன்னைலேர்ந்து முன்கூடாரத்துல படுத்துக்க. ஈரத்துல படுத்தா உனக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும்."

"கூடாரத்துல காத்து அடிக்குமே! அப்ப நீ?"

"என் பக்கம் காஞ்சுதான் இருக்கு."

கடற்காற்றில் கூடாரத் துணி அவர் முகத்தில் மாறி மாறி அறைந்தது. படுத்தபடியே ட்ரெவர் கணக்குப் போட்டார். ஊற்றுகிறவன் நான், ஊற்றாவிட்டால் காயும், காய்ந்தால் கிளம்பலாம், போட்டிக்கு முன் வீடு போய் லீக்கைப் பார்க்கலாம். விற்பதை அடுத்த வருஷம் யோசித்துக்கொள்ளலாம். அன்றோடு டீப்பாத்திரத்தைத் தொடுவதை விட்டார்.

மறுநாள் காலை பாரி ஊசியைக் குத்தினார். கருவி வீல் என்றது.

அதற்கடுத்த நாளும் வீல் என்றது.

ட்ரெவர் கையை வைத்துப் பார்த்தார். ஈரம். சொட்டச் சொட்ட ஈரம். பொய்யாகச் சொன்ன வியாதி நிஜமாகவே வந்துவிட்டதா? சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாமலிருக்க வயிற்றுவலி என்று சொன்னதற்கெல்லாம் சேர்த்து இப்போது தண்டனையா? மழை விட்ட நேரம் பார்த்து ஏணி போட்டுக் கூரைமேல் ஏறினார். கையில் அடைப்புப் பசைக் குழாய். கீழே மொத்த வரிசையும் அண்ணாந்து நின்று யோசனை சொன்னது.

"இடது பக்கம் ட்ரெவர்!"

"அது அவனுக்கு வலது பக்கம்ப்பா!"

"இன்னும் கொஞ்சம் அப்பு! கஞ்சத்தனம் பண்ணாத!"

அப்பினார். கூரை ஓரம், ஜன்னல் ஓரம், தன் சட்டைக் கை என்று பாகுபாடு பார்க்காமல் அப்பினார். இறங்கி வந்தபோது ஜன்னல் திறக்கவே இல்லை, இன்றுவரை திறக்கவில்லை. மறுநாள் காலை கருவி வழக்கம்போல வீல் என்றது.

போட்டி நெருங்கியது. டீக்கு பாரியும் பாலினும் வந்திருந்த நேரம் பார்த்து ட்ரெவர் மெல்ல எடுத்தார்.

"சனிக்கிழமை போட்டி, மாரீன். நான் மட்டும் கார எடுத்துட்டு ஒரு நடை போயிட்டு..."

"தாராளமா போயிட்டு வா, கண்ணு" என்றாள் மாரீன். "நான் இருந்துக்கிறேன். ஓதத்துல. ஒண்டியா."

பாலின் கோப்பையைக் கீழே வைத்தாள். கொக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பாரி, அதிசயமாக, பேச்சை நிறுத்தினார்.

"சும்மாதான் சொன்னேன்" என்றார் ட்ரெவர்.

சனிக்கிழமை சாயங்காலம் ரான் போன் பண்ணினார். கோப்பை ரானுக்கு. "உன்னோடதையும் கொண்டுபோகணும்னுதான் பாத்தேன், ட்ரெவர். நத்தை பூந்துடுச்சுப்பா. நல்லாவே பூந்துடுச்சு" என்றார். பின்னால் யாரோ கிளாஸை மோதிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. ட்ரெவர் போனை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். முன்னால் போன ஒருவர் "முன்கூடாரக் கம்பி துரு பிடிக்குது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். வருஷம் முழுக்க ஒவ்வொரு தண்டுக்கும் பக்கத்தில் மண்டியிட்டு உரம் வைத்தது, தண்டு நீண்டு வெளுக்கக் காகிதக் காலர் கட்டியது, குளிருக்குப் போர்த்தியது எல்லாம் கண்முன் வந்துபோயின. அந்த நேரத்தில் அவரைவிடத் துக்கப்பட்ட மனிதர் அந்தக் கடற்கரையில் இல்லை.

ஞாயிறு விடியற்காலை மழை கூடாரத்தில் தடதடத்தது. தூங்க முடியாமல் புரண்ட ட்ரெவர் எழுந்தார். போனது போகட்டும், அந்தத் தண்ணீர் எந்த வழியாகத்தான் வருகிறது என்பதையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று கேரவன் கதவை ஓசைப்படாமல் திறந்தார்.

மாரீன் இரவு உடையில், மூலையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் பால் ஜாடி. பூச்செடிக்கு ஊற்றுவதுபோல, மேலே கொஞ்சம் கீழே கொஞ்சம் என்று பக்குவமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாரீன்!"

"ஷ்ஷ்! பாரி எழுந்துடுவான்."

ட்ரெவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "உனக்கு... உனக்கு எப்பத் தெரியும்?"

"தொட்ட அன்னைக்கே. மழைத்தண்ணில டீத்தூள் இருக்குமா, ட்ரெவர்?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எனக்கு முன்னாடி நீ எழுந்து ஒரு வேலை செஞ்சு நான் பாத்ததே இல்ல. தடுக்க மனசு வரல."

"என் லீக்கெல்லாம் போச்சு, மாரீன்! நத்தை தின்னுடுச்சு!"

"கேட்டேன்." அவள் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டாள். குரலில் கேலி குறைந்திருந்தது. "வீட்டுல நீ அதுங்களோட பேசுற. குளிருதா, பசிக்குதான்னு கேக்குற. சமையல்கட்டு ஜன்னல் வழியா எனக்குக் காதுல விழும். என்கிட்ட நீ கடைசியா எப்ப கேட்ட? இங்க கொஞ்சம் ஈரம்னா போதும், பத்துப் பேரு கதவத் தட்டி என்னாச்சுன்னு கேக்குறாங்க. பாலின் கேக் கொண்டாந்தா. இன்னும் ரெண்டு வாரம் இருந்துட்டுப் போலாம்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

ட்ரெவர் மழையைப் பார்த்தார். பிறகு, பழக்கமில்லாத வேலையைச் செய்கிறவர் மாதிரித் தட்டுத்தடுமாறி, "உனக்குக் குளிருதா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் மாரீன். அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். முகம் இளகியது மாதிரி இருந்தது. வண்டியைக் கிளப்பலாம் என்று சொல்லப்போகிறாள் என்று ட்ரெவருக்குள் ஒரு சின்ன நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

அவள் ஜாடியை நீட்டினாள். "தண்ணி தீந்துடுச்சு. பிடிச்சிட்டு வா. பாரி வர்றதுக்குள்ள அந்த ஓரத்தையும் நனைக்கணும்."

ட்ரெவர் மழையில் நனைந்துகொண்டே குழாயடிக்குப் போனார். அங்கே பாரி குடையைப் பிடித்துக்கொண்டு வாளி நிறைவதற்காகக் காத்திருந்தார்.

"என்ன ட்ரெவர், இன்னைக்கும் ஓதம் இருக்கா?"

ட்ரெவர் ஜாடியைக் குழாய்க்கு நேராகப் பிடித்தார்.

"இருக்கும்" என்றார்.