கொடுவா பிடிக்கப் போன தெப்பம்

ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை சும்மா இருந்தால் வீட்டுக்குத் தொல்லை. ஏதாவது செய்யத் தொடங்கினால் ஊருக்கே தொல்லை. நான் அதையும் தாண்டி, திட்டக்குடி சம்பந்தி வீடு வரைக்கும் தொல்லை கொடுத்தவன்.

இதை எழுதப்போகிறேன் என்று மனைவி வசந்தாவிடம் சொன்னேன். "எழுதுங்க. ஆனா பேட்டரி விஷயத்த மட்டும் நைசா விட்டுடாதீங்க" என்றாள். விடவில்லை. வரும்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றேன்; வீடும் அங்கேதான். என் பள்ளிக்கால நண்பன் ஜபருல்லா வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு, அதே சமயத்தில் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பி வந்தான். இரண்டு பேருக்கும் நேரம் மலிந்து கிடந்தது. அவன்தான் அந்த வீடியோக்களை முதலில் காட்டினான். எங்கோ ஓர் அமெரிக்க ஏரி. சின்னப் படகு. அதில் சுழல் நாற்காலி, மின் மோட்டார், தண்ணீருக்கு அடியில் மீன் இருப்பதைக் காட்டும் கருவி, தூண்டில் செருகிவைக்கக் குழாய்கள். ஒரு குண்டு வெள்ளைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே 'பாஸ்' என்கிற மீனைத் தூக்கி, அதற்கு முத்தம் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீரிலேயே விடுவார்.

"மச்சான், இந்த பாஸும் நம்ம கொடுவாவும் சொந்தம்டா" என்றான் ஜபருல்லா.

வசந்தா காபி வைத்துவிட்டுச் சொன்னாள்: "சொந்தக்காரன் வீட்டுக்குப் போவுறதுக்கு எதுக்குண்ணே இவ்ளோ சாமான்?"

நாங்கள் கேட்கவில்லை. பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினோம். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆளுக்கு மூச்சு விட இடம் இருக்காது, அவ்வளவு பெரியது. அதை வீடியோவில் பார்த்தபடி அலங்கரிக்கத் தொடங்கினோம். மோட்டாரும் மீன் காட்டும் கருவியும் பார்சலில் வந்தன. தூண்டில்கள் ஜபருல்லாவின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவை. சுழல் நாற்காலிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. என் பிரிவு உபசார விழாவில் துறையினர் கொடுத்த நாற்காலி வீட்டிலேயே இருந்தது. சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் படகின் நடுப்பலகையில் போல்ட் போட்டு முறுக்கினோம். வெயிலுக்கு ஜபருல்லா ஒரு பெரிய வெள்ளைக் குடை கொண்டுவந்தான். பிடிக்கப்போகும் மீனுக்காக ஓர் ஐஸ் பெட்டி. (ஆள் மடங்கிப் படுக்கலாம். எங்கள் நம்பிக்கை அந்த அளவில் இருந்தது.) பெட்டிக்கு இடம் போதாததால் துடுப்புகளை இறக்கிவிட்டோம். மோட்டார் இருக்கும்போது துடுப்பு எதற்கு?

மோட்டாருக்கு பேட்டரி வேண்டும். கடையில் ஆர்டர் கொடுத்திருந்த பேட்டரி வரவில்லை. எங்கள் வீட்டு இன்வர்ட்டருக்குக் கீழே ஒன்று சும்மாதானே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வசந்தா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கழற்றிவிட்டேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது இரண்டு கிழவர்களின் விளையாட்டாகவே முடிந்திருக்கும். நான் அதில் சம்பந்தி விருந்தையும் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் மகள் கயல்விழிக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை செந்தில் வீட்டார் திட்டக்குடிப் பக்கத்து விவசாயிகள். தங்கமான மனிதர்கள். நகை, சீர், பாத்திரம் எதையும் அவர்கள் கேட்கவில்லை. நிச்சயத்தன்று சம்பந்தி கூச்சத்தோடு ஒன்றே ஒன்று சொன்னார்: "எங்க பக்கம் ஏரி மீனுதான் சம்பந்தி. கடக்கரையோரமா பொண்ணு எடுத்திருக்கோம். ஒரு தடவ நல்ல கொடுவாயா போட்டீங்கன்னா போதும்."

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் குடும்பத்தோடு வந்து சாப்பிடப்போகும் முதல் விருந்து அது. வசந்தா ஒரு வாரம் முன்பே தெரிந்த மீன்காரம்மாவிடம் கொடுவாய்க்குச் சொல்லிவைத்துவிட்டாள். "அவுங்க வாய் விட்டுக் கேட்ட ஒரே சீரு இதுதாங்க. இதுல கொற வரக் கூடாது" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

நான் என்ன செய்தேன்? விருந்துக்கு முதல் நாள் மீன்காரம்மாவுக்கு ரகசியமாகப் போன் செய்து, மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கையால் பிடித்த கொடுவாயைச் சம்பந்திக்குப் போடுவேன். இலையில் அது விழும்போது, "இது சார் புடிச்சது" என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எல்லாம்.

விடிந்ததும் படகை வெள்ளாற்றங்கரைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். புதுவண்டிக்குப் பூசை போடாமல் எடுப்பதா? ஆயுத பூசைக்கு லாரிக்குச் செய்வதையெல்லாம் படகுக்குச் செய்தேன். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினேன். குடைக்கம்பியில் மாவிலை. மோட்டாரின் கழுத்தில் தடித்த சாமந்தி மாலை. சந்தனத்தைக் குழைத்து நாற்காலிக்கு, பேட்டரிக்கு, தூண்டிலுக்கு என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். மீன் காட்டும் கருவியின் உணர்கருவி படகின் பின்பக்கம், தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் இருந்தது. முக்கியமான உறுப்பு அல்லவா? அதற்குத் தாராளமாகவே அப்பினேன். எலுமிச்சம்பழம் நசுக்கச் சக்கரம் இல்லாததால் படகின் அடியில் வைத்துத் தள்ளினோம்.

ஜபருல்லா கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "நான் பிஸ்மி சொல்லிட்டேன் மச்சான். ஒரு நிமிசத்துல முடிஞ்சிடுச்சு. நீ ஒன் பங்க எப்ப முடிப்ப? தண்ணி வடியப்போவுது."

அந்தக் கடைசி வார்த்தையை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஆற்றுக்குள் போனதும் கருவியின் திரையைப் பார்த்தோம். அடர்ந்த பட்டையாக ஏதோ தெரிந்தது.

"மாஷா அல்லா! மீனு கும்பலா கெடக்குதுடா!"

தூண்டிலைப் போட்டோம். ஒன்றும் கடிக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போனோம். அங்கேயும் அதே பட்டை. திரும்பினோம். அங்கேயும்.

"நம்ம கூடவே வருது மச்சான். நம்மள புடிச்சுப்போச்சு அதுக்கு" என்றான் ஜபருல்லா.

ஒலி அலை போய், மோதி, திரும்பி வருவதை ஆயுள் முழுவதும் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். கருவியின் ஒலி அலை மோதித் திரும்பியது நான் அப்பிய சந்தனத்தில்தான், அந்தக் கும்பல் முழுவதும் அதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. என்னிடம் படித்து எங்கெங்கோ வேலை பார்க்கும் மாணவர்கள் மன்னிக்க வேண்டும்.

மீன் கூட்டத்தை விரட்டிக்கொண்டு மோட்டாரை முழு வேகத்தில் முடுக்கினேன். அது ஒருமுறை முனகிவிட்டு நின்றுபோனது. எட்டிப் பார்த்தால் மோட்டார் கழுத்தில் மாலை இல்லை. நழுவி இறங்கி, விசிறியில் நைலான் நூலோடு இறுகச் சுற்றிக்கொண்டிருந்தது. சாமந்தி இதழ்கள் மட்டும் தண்ணீரில் எங்களுக்கு முன்னால் மிதந்து போயின.

"துடுப்ப எடு" என்றேன்.

"துடுப்பு எங்க இருக்குது? ஐஸ் பொட்டி இருக்குது. வேணுமா?"

படகு தானாக மிதந்து பாலத்தருகே ஒரு மேட்டில் ஏறி உட்கார்ந்தது. கடல் ஓதம் இறங்கும் நேரம்; நீர் கடலை நோக்கி வடிந்துகொண்டிருந்தது. கண்ணெதிரிலேயே ஆறு விலகிப் போனது. சற்று நேரத்தில் எங்களைச் சுற்றி வெறும் சேறு. ஒரு பக்கம் மட்டும் தூண்டில் எட்டும் தூரத்தில் ஓர் ஓடை மிச்சமிருந்தது.

வசந்தா போன் செய்தாள். "ஏங்க, மசாலா அரைக்கணும், கரண்ட் போயிடுச்சு. இன்வர்ட்டரும் வேல செய்யல. கீழ பாத்தா பேட்டரியையே காணோம். திருடன் வந்தானா?"

"வந்து... பாக்கறேன்."

"மீனும் இன்னும் வரலியே?"

"மீனு... இங்கதான் இருக்கு." (திரையில் அப்போதும் இருந்தது.)

போனை வைத்த அந்த நேரத்தில்தான் கொடுவா கடித்தது. மிச்சமிருந்த ஓடையில் நான் செருகிவைத்த தூண்டிலில், நிஜமான கொடுவா. தாவிப் பிடித்தேன். அது இழுத்தது. நாற்காலி சுழன்றது. இப்படிச் சுழலும் நாற்காலிக்குப் பூட்டு ஒன்று வேண்டும் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நாங்கள் அந்த இடத்தை ஓட்டிவிட்டுத்தான் பார்த்திருப்போம். மீன் வலப்பக்கம் ஓடினால் நான் வலப்பக்கம் ஒரு சுற்று. இடப்பக்கம் ஓடினால் எதிர்ச்சுற்று. தூண்டில் நரம்பு குடைக்கம்பியில் சுற்றி, வாழைக்கன்றில் சுற்றி, கடைசியில் என்னையும் ஜபருல்லாவையும் சேர்த்துக் கட்டியது.

"விடுடா மச்சான்!"

"சம்பந்திக்குடா!"

"சம்பந்திக்கு நம்மளத்தான் கொடுக்கணும் போல!"

பட்டென்று நரம்பு அறுந்தது. கொடுவா ஓடையில் ஒரு தடவை வெள்ளியாகப் புரண்டு காட்டிவிட்டுப் போனது. சம்பந்தியின் சீர் என் கண் முன்னாலேயே கடலுக்குக் கிளம்பிவிட்டது. வசந்தா இரண்டு முறை சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

இனி வருவது கயல்விழி பிறகு சொல்லித் தெரிந்தது. சம்பந்தி வீட்டார் கடலைப் பார்த்துவிட்டுச் சாப்பிட வரலாம் என்று பரங்கிப்பேட்டை வழியாக வந்திருக்கிறார்கள். கார் பாலத்தில் ஏறியிருக்கிறது. அங்கே கும்பல். சம்பந்தியம்மா சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். ஆற்றின் நடுவே இரண்டு வாழைக்கன்று, மாவிலை, வெண்குடை, பூ. குடைக்குக் கீழே யாரோ ஆசனத்தில் அமர்ந்து நான்கு திசைக்கும் திரும்பித் திரும்பி அருள்பாலிக்கிறார்கள்.

"ஐயோ, தெப்பம்! வண்டிய நிறுத்துப்பா" என்று இறங்கியவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டிருக்கிறார்.

மாப்பிள்ளை போனில் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாராம். பிறகு மெதுவாக, "அம்மா, அது சாமி இல்லம்மா. மாமா" என்றாராம்.

சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கி எங்களை நோக்கி நடந்து வந்ததை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் சந்தனமும் பன்னீரும் கொடுத்து வரவேற்பது முறை. என் கையில் சந்தனம் காய்ந்துபோயிருந்தது. பன்னீருக்குச் சேறு.

"வாங்க சம்பந்தி" என்றேன். வேறென்ன சொல்வது?

"வந்துட்டோம் சம்பந்தி" என்றார் அவர். "நடவு வயலாட்டம் நல்லாத்தான் இருக்குது. எறங்குங்க."

இறங்கினேன். தொடை வரை போனேன். நின்ற இடத்திலேயே நட்ட நாற்றுப் போல நின்றேன். அவர் முதுகைக் காட்டிக் குனிந்தார். பெண்ணைப் பெற்றவனைப் பிள்ளையைப் பெற்றவர் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு கரையேறினார். பாலத்தில் கைதட்டினார்கள். பின்னால் ஜபருல்லா தனியாக விழுந்து எழுந்து வந்தான். "என்னையும் தூக்க ஒரு சம்பந்தி இல்லியே யா அல்லா" என்று அவன் புலம்பியது கரைவரை கேட்டது.

வீட்டில் மின்சாரம் இல்லை. மசாலா பக்கத்துத் தெரு அம்மியில் அரைபட்டிருந்தது. அடுப்பில் புளியும் மாங்காயும் போட்ட மீன்குழம்பு, மீன் மட்டும் இல்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது. வசந்தா தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. பரணிலிருந்த வஞ்சிரக் கருவாட்டை எடுத்துக் கழுவினாள். திட்டியிருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

இலையில் கருவாடு விழுந்தது. நானே எழுந்து நின்று, மீன்காரம்மாவிடம் வேண்டாமென்று சொன்னது முதல் பேட்டரி வரை எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். "கொறை வசந்தா மேல இல்ல. என் மேலதான்" என்றேன்.

சம்பந்தி குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். "கொடுவா எங்க போவுது? ஆத்துலதான இருக்குது" என்றார். விசிறியால் வீசிக்கொண்டிருந்த சம்பந்தியம்மா அடக்க முடியாமல் சிரித்தார். "நான் வேற வேண்டிக்கிட்டேனே, மருமவளுக்கு நல்லபடியா பொறக்கணும்னு!" வசந்தா முதலில் முந்தானையால் வாயைப் பொத்தினாள். அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள்.

அன்று மாலை அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பு இருக்கட்டும். மொதல்ல பேட்டரிய மாட்டுங்க" என்றாள்.

படகு இப்போது ஜபருல்லா வீட்டுக் கொல்லையில் ஆடுகளுக்குத் தழை போடும் தொட்டி. நாற்காலியில் அவன் உட்கார்ந்து வீடியோ பார்க்கிறான். சேற்றிலிருந்து மீட்ட வாழைக்கன்றுகளை வசந்தா நட்டாள். வேரோடு இருந்ததால் பிழைத்து, குலை தள்ளி, பக்கக்கன்றும் விட்டுவிட்டன. அடுத்த வருடம் பேத்தி பிறந்தாள். வேண்டுதல் பலித்துவிட்டது என்று சம்பந்தியம்மா இன்றும் என்னைப் பார்த்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார். காலமெல்லாம் உங்களைக் கும்பிட்டது அந்த ஒரு அம்மாதான் என்று வசந்தா சொல்லிக்காட்டுகிறாள்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது, மீன்காரம்மாவின் கொடுவா வசந்தாவின் நேரடிக் கண்காணிப்பில் வந்து சேர்ந்தது. ஆனாலும் அதன்பின் ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் திட்டக்குடியிலிருந்து போன் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தது.

"சம்பந்தி, இன்னைக்கு தெப்பம் உண்டா? இல்ல, ஏரி மீனு எடுத்துக்கிட்டு வரட்டுமா?"

"எடுத்துக்கிட்டு வாங்க சம்பந்தி" என்றேன்.