அண்டார்டிகா ஒதுக்கப்பட்ட விதம்

எத்தியோப்பியா முதலில் வந்ததா, பெரு முதலில் வந்ததா என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இருக்கிறது. என் ஞாபகத்தை முழுதாக நம்ப வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். மனித குலத்தை ஒரே பந்தியில் உட்கார வைக்கும் மாபெரும் பணி ஹைதராபாத்தில்தான் நடந்தது; அதிலும் நாச்சாரத்தில், எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் நடந்தது.

அந்தப் பணியைச் செய்தது ‘உலகப் பாரம்பரிய உணவுச் சுவைஞர் மன்றம்’. தலைவர் அனந்தராமன், மத்திய அரசு நிறுவனமொன்றில் உயரதிகாரி. அலுவலக வேலையாக ஒருமுறை ஜெர்மனி போய், மனைவி ரமா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சலை மட்டுமே தின்று திரும்பியவர். வெளிநாட்டு உணவைப் பற்றி எங்களில் அவருக்குத்தான் ‘நேரடி அனுபவம்’ இருந்தது. நான் செயலாளர். நான் அதிகம் பேசமாட்டேன் என்பதே என் தகுதி.

மாதம் ஒரு ஞாயிறு, ஒரு நாடு. பாரம்பரியத்தை இம்மியும் சிதைக்கக் கூடாது என்பது மன்றத்தின் முதல் விதி. இறைச்சி, மீன், முட்டை, வெங்காயம், பூண்டு கூடாது என்பது இரண்டாம் விதி. இரண்டு விதிகளும் சண்டையில்லாமல் வாழ்ந்தன.

பெரு நாட்டில் பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் சாப்பிடுவார்கள். நாங்கள் மீனை நீக்கினோம். எலுமிச்சைச் சாறு மிஞ்சியது. அதில் வெள்ளரிக்காயையும் ஊறவைத்த பாசிப்பருப்பையும் போட்டுக் கடுகு தாளித்தார் ரமா. அனந்தராமன் கண்ணை மூடிச் சுவைத்து, “பெருவே எழுந்து வந்த மாதிரி இருக்கு!” என்றார். கூடவே ராமநவமியும் எழுந்து வந்ததாக எனக்குப் பட்டது. சொல்லவில்லை.

ஹங்கேரியின் மாட்டிறைச்சிக் குழம்பில் மாட்டை நீக்கி முருங்கைக்காயைச் சேர்த்தோம். அன்று ‘சாம்பார்’ என்ற சொல்லை உச்சரிக்க அவைக்கட்டுப்பாடு இருந்தது. ஜப்பானின் கடற்பாசி சைவமா அசைவமா என்று ஒரு கூட்டம் முழுதும் விவாதித்து, சோற்றை வாழையிலையில் சுற்றினோம். இலையைக் கடித்துவிட்ட உறுப்பினர் ஒருவர் “ஜப்பான்காரன் பல்லு கெட்டிதான்” என்றார்.

இப்படி உலகம் ஒற்றுமையாகிக்கொண்டிருந்த வேளையில்தான் ஜுலைகா எங்கள் மாடிக்கு, சரியாக என் எதிர் ஃபிளாட்டுக்குக் குடிவந்தார். பள்ளியில் கணக்கு டீச்சர். தாத்தா காலத்தில் ஆம்பூரிலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். வந்த இரண்டாவது மாதமே கூட்டத்துக்கு வந்து வாசலோரம் நின்றார்.

“அண்ணா, எனக்கும் ஒரு நாடு குடுங்க. நானும் சமைக்கிறேன்.”

அனந்தராமன் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போடச் சொன்னார். பிறகு சுவரில் தொங்கிய உலகப்படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“ரொம்ப சந்தோஷம்மா. ஆனா நாடெல்லாம் ஒதுக்கியாச்சே!”

“எல்லா நாடுமா?”

“உலகம் ரொம்பச் சின்னது, பாரு.”

“பரவாயில்ல அண்ணா. ஹைதராபாத்தே சமைக்கிறேன். பகாரா பைங்கன். கத்திரிக்கா, வேர்க்கடல, எள்ளு, புளி. வெங்காயம், பூண்டு நக்கோ. உங்க ரூல்படிதான்.”

“இது நம்ம எண்ணெய்க் கத்திரிக்காய் மாதிரின்னா இருக்கு!” என்றார் ரமா, ஆர்வத்தை மறைக்கத் தெரியாமல்.

“அதான் சிக்கல்,” என்றார் தலைவர் உடனே. “நம்ம ஊர்ச் சமையல் உலகச் சமையல்ல வராது. விதி அப்படி.”

அப்படியொரு விதி இல்லை. அன்று மாலையே சேர்த்தோம்.

கீழ் ஃபிளாட் சாருலதா எங்களில் இளையவர், ஐ.டி. கம்பெனிக்காரர். அவர் கையைத் தூக்கினார். “அங்கிள், அண்டார்டிகாவை யாரும் எடுக்கலையே?”

மன்றம் மூச்சுவிட்டது. அண்டார்டிகாவில் சமையல் கிடையாது, பாரம்பரியம் கிடையாது, ஆகவே போய்ச் சாப்பிட வேண்டிய அவசியமும் கிடையாது. ஒரு கண்டத்தையே தூக்கிக் கொடுத்த பெருந்தன்மை வேறு. ஏகமனதாக நிறைவேறியது.

ஜுலைகா கொஞ்சம் யோசித்தார். “ஹவ், சரி. அண்டார்டிகாவுல என்ன இருக்கு? ஐஸ்தானே! ரோஸ் சர்பத் ஊத்திக் குடுக்குறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை, பகல்ல. எல்லாரும் வந்துடுங்க.”

போய்விட்டார். மறுநாள் அவசரக் கூட்டம் கூடியது.

பொருளாளர் உலகநாதன் திருநெல்வேலிக்காரர். தினசரி நாட்காட்டி இல்லாமல் கூட்டத்துக்கு வரமாட்டார். “ஐஸ்னா வெறும் தண்ணிதான வே? தண்ணிக்கு என்ன இருக்கு?” என்றார்.

“தண்ணிக்கு ஒண்ணுமில்லை,” என்றார் ரமா. “ஃபிரீசருக்கு?”

எல்லோரும் அந்த ஃபிரீசரின் மற்ற தட்டுகளை மனக்கண்ணில் பார்த்தோம்.

“நமக்கு யார்கிட்டயும் எந்த வித்தியாசமும் கிடையாது,” என்றார் அனந்தராமன். “மனுஷா எல்லாரும் ஒண்ணுதான். ஃபிரீசர்னு வரச்சேதான்... உலகநாதன், அன்னிக்கு விரதம் ஏதாவது?”

உலகநாதன் தாளைப் புரட்டினார். “ஏகாதசி இல்ல. கிருத்திகை இல்ல. பிரதோஷமும் இல்ல. பொல்லாத ஞாயித்துக்கிழமையால்லா இருக்கு!” பிறகு அவர் முகம் மலர்ந்தது. “நில்லும். அன்னைக்கு சமநோக்கு நாள்.”

“அதனால?”

“ஐஸ் என்ன செய்யும்? உருகும். உருகினா தண்ணி கீழதான் போவும். கீழ போற காரியத்துக்குக் கீழ்நோக்கு நாள்தான் ஆவும். கெணறு தோண்டுறதுக்குப் பாக்கமாட்டோமா?”

“அங்கிள், ஜூஸ் குடிக்கிறதுக்கும் கெணறு தோண்டுறதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் சாருலதா.

“சாஸ்திரத்தை ஏன்னு கேக்கக் கூடாதும்மா,” என்றார் தலைவர். இப்படியாக, எல்லாரையும் சமமாக நோக்க வேண்டிய நாளில் எதிர் வீட்டுக்குப் போகக் கூடாது என்று, ஒருவர் நீங்கலாக, முடிவெடுத்தோம். தகவல் சொல்லும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. நான் அதிகம் பேசமாட்டேன் என்பது தெரிந்துதான் தந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜுலைகா கதவை அகலத் திறந்துவைத்தார். கூடத்தில் பாய் விரித்து, பெரிய தாம்பாளத்தில் ஐஸ் மலை எழுப்பி, சுற்றிலும் புதுக் கண்ணாடி டம்ளர்கள் அடுக்கியிருந்தார். லேபிள்கூடக் கிழிக்கவில்லை, எங்களுக்குக் காட்டுவதற்காகவே விட்டுவைத்திருந்தார் போலும். நான் என் கதவின் கண்ணாடித் துளை வழியாக, மன்றத்தின் சார்பில், பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். மலை மெல்ல இறங்கியது. ஜுலைகா அடிக்கடி லிஃப்ட் பக்கம் பார்த்தார். டம்ளர்களைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

கடைசியில் சாருலதா மட்டும் படியேறி வந்தார்.

“மத்தவங்க?” என்றார் ஜுலைகா.

“இன்னிக்கு ஐஸ் சாப்பிட நாள் சரியில்லையாம் அக்கா.”

“கைக்கு? ஏன்?”

சாருலதா விளக்கினார். ஜுலைகா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார், கொஞ்சம் தாமதமாக. பிறகு என் கதவுக்கு நேராகத் திரும்பினார்.

“செகரட்டரி அண்ணா! அந்த ஓட்டை வழியா பாத்தா குளிராது. வாங்க உள்ள. உருகறதுக்குள்ள ஒரு டம்ளர்.”

நான் மௌனமாக இருந்தேன். மௌனம் என் சுபாவம் என்பது அடுக்ககத்தில் எல்லோருக்கும் தெரியும். சற்று நேரத்தில் அந்தக் கூடத்திலிருந்து எள்ளும் வேர்க்கடலையும் வறுபட்ட வாசனை வந்தது. கத்தரிக்காயையும் செய்திருக்கிறார். சாருலதா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதை மட்டும் மன்றத்துக்குத் தெரிவித்தேன்.

பிறகு நடந்தவை இவை. சாருலதா மன்றத்திலிருந்து ‘காலவரையற்ற ஓய்வில்’ அனுப்பப்பட்டார். ஞாயிறுகளில் ஜுலைகா வீட்டில் சாப்பிடுகிறார். அனந்தராமன் பணி ஓய்வு பெற்று மகனோடு கனடா போனார். அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் தங்களைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை என்று ரமா போனில் வருத்தப்பட்டார். உலகநாதன் தலைவரானார். உலக ஒற்றுமைக்குச் சேவை செய்ததற்காக மன்றத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. ஜுலைகா அதே எதிர் ஃபிளாட்டில்தான் குடியிருக்கிறார்.

கேடயத்தை மாட்டிய அன்று உலகப்படத்தையும் புதுப்பித்தோம். சுவைத்த நாடுகளுக்கெல்லாம் பொட்டு வைத்தோம். அண்டார்டிகா வெறுமையாக இருந்தது. விருந்தினர் கேட்டால் பதில் வேண்டுமே என்று, அதன்மேல் ‘மனிதர்கள் வசிக்காத பகுதி’ என்று எழுதச் சொன்னார் உலகநாதன். நான்தான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.