சோபிர் வீட்டு முற்றம் சுத்தமான கதை

சோபிர் ஏணியில் நின்று கடைசிக் கயிற்றை அறுத்தபோது இறங்கியது திராட்சைக் கொடி மட்டும் இல்லை. பந்தலே இறங்கியது. ஏணியும் இறங்கியது. கூடவே அவரும்.

"அப்பா!" மகள் முயஸ்ஸர் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "அடி பட்டுச்சா?"

"ஒண்ணும் இல்ல. நீ உள்ள போய்ப் புலாவைப் பாரு, அடி பிடிச்சிடப் போகுது."

நமங்கான் ஊரில் கடுங்குளிருக்கு முன்பே கொடிகளை இறக்கி, மண் போட்டு மூடிவிடுவார்கள். சோபிர் மட்டும் 'நாளைக்கு, நாளைக்கு' என்று நவம்பர் கடைசிவரை இழுத்துவிட்டார். நேற்றுதான் முயஸ்ஸர், "கல்யாணப் பேச்சு விஷயமா நாளை மத்தியானம் ரெண்டு பொம்பளைங்க வர்றாங்கப்பா" என்றாள்.

அம்மா போன நான்கு வருடங்களில் வந்த இரண்டு வரன்களையும், 'அப்பாவை யாரு பாத்துப்பா?' என்று திருப்பி அனுப்பியவள் அவள். அவளே வாய்திறந்து சொன்னதும் சோபிருக்குத் தலைகால் புரியவில்லை. முற்றத்தைப் பார்த்துத்தான் பெண்ணை எடைபோடுவார்கள். இதையும் கெடுத்துவிடக் கூடாது.

விடிந்ததும் பெருக்கி வைத்த முற்றத்தில் இப்போது முழங்கால் அளவுக்கு இலை. கொடிகளைப் பள்ளத்தில் சுருட்டிப் போட்டு மண்ணைத் தள்ளினார். இலைகளைக் குவித்து நெருப்பு வைத்தார். ஈர இலை எரியவில்லை, புகைந்து தள்ளியது.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு ஹோல்மத்தின் தலை முளைத்தது.

"சோபிரண்ணே, ரயில் ஏதும் விடுறீங்களா? எம் பொண்டாட்டி காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் கறுத்துப்போச்சு!"

"இதோ அணைச்சிடறேன் தம்பி!"

பத்து வாளித் தண்ணீர் ஊற்றினார். நெருப்பு அணைந்தது, புகை அணையவில்லை. தண்ணீர் முற்றமெல்லாம் பரவி, அன்றைக்கு அடித்த குளிரில் கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடியாக உறைந்தது.

"சாம்பலைத் தூவுங்கண்ணே, வழுக்காது" என்றது மதில் மேல் தலை.

தூவினார். முன்பு வெள்ளையாக வழுக்கியது, இப்போது கறுப்பாக வழுக்கியது.

"நல்ல யோசனை சொன்னடா!"

"காஞ்ச சாம்பலைச் சொன்னேண்ணே!"

கதவு தட்டும் சத்தம். சோபிர் ஓடினார். முதல் மூன்று அடி அவர் ஓடினார். மீதியைத் தரை பார்த்துக்கொண்டது. கனத்த கோட்டும் பூப்போட்ட தலைத்துணியுமாக இரண்டு பெண்கள் கதவைத் தள்ளித் திறந்தபோது, முகமெல்லாம் கரி, மீசையில் இலை, கையில் வாருகோலுடன் அவர்கள் காலடியில் உட்கார்ந்த வாக்கில் வந்து நின்றார்.

"வாங்கம்மா, வாங்க" என்றார் தரையிலிருந்தே.

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவள் முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். சரிந்த பந்தல், கறுத்த ஐஸ், இன்னும் விடாமல் வரும் புகை.

சோபிருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "அம்மா, இதெல்லாம் நான் பண்ணின கோலம். எம் பொண்ணு ரொம்பச் சுத்தக்காரி. என்னைப் பாத்துட்டு அவளை வேண்டாம்னு சொல்லிடாதீங்க!"

மூத்தவள் குனிந்து, அவர் மீசையிலிருந்த இலையை எடுத்துப் போட்டாள்.

"உங்க பொண்ணை யாரு பாக்க வந்தா? எங்க தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்க வந்திருக்கோம், உங்க பொண்ணுதான் உங்களை வந்து பாருங்கன்னு கூப்பிட்டா!"